தாய்லாந்து சாப்பாடு: தடை காரம் அல்ல, மீன் சாஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாய்லாந்தில் வேலைக்காகவோ ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ தங்கிவிட்ட வெளிநாட்டவர்கள் அந்த ஊர்ச் சாப்பாட்டை மனதார ரசிக்கிறார்களா, இல்லை மரியாதைக்குத் தலையாட்டுகிறார்களா? 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்தபின் பாங்காக் போய்வருவது எளிதாகிவிட்டதால் சென்னையிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. எங்கே தொடங்கினாலும் காரத்தில் போய் முடிகிறது. "வெள்ளைக்காரங்களுக்குக் காரம் ஆகாது, நமக்கு ஆகும்" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். தென்கிழக்காசியச் சமையலைக் கற்பிக்கும் எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை.

காரம் அங்கே பேரம் பேசக்கூடிய விஷயம். பப்பாளிக்காய் சாலட்டான சோம் தாம் விற்கும் கடையில் எத்தனை மிளகாய் என்று வாங்குகிறவரே எண்ணிக்கை சொல்வார். ஒன்று என்றால் ஒன்று, ஐந்து என்றால் ஐந்து. கண்ணெதிரே உரலில் போட்டு இடிப்பார்கள். வேண்டாம் என்றால் போடமாட்டார்கள். இதில் தமிழர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நம் காரம் எண்ணெயில் வதங்கி, குழம்பில் கொதித்து, சோற்றோடு பிசைந்து, முடிவில் மோரில் அடங்கும் காரம். அங்கே ஊசி மிளகாயைப் பச்சையாக நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் விடுகிறார்கள். உதட்டிலும் நாக்கு நுனியிலும் நேராகப் படும். ஆந்திரா மெஸ்ஸில் கோங்கூரா ஊறுகாயை அள்ளிச் சாப்பிடுகிறவர்கூட மூன்று மிளகாய் சோம் தாமில் தண்ணீர் கேட்பார். தண்ணீர் உதவாது, பக்கத்தில் இருக்கும் ஒட்டரிசி உருண்டைதான் உதவும்.

உண்மையான தடை நாம் பிளா என்கிற மீன் சாஸ். நெத்திலி வகை மீனை உப்போடு அடுக்கி, தொட்டியில் ஓராண்டு, சில இடங்களில் ஒன்றரை ஆண்டு புளிக்கவிட்டு வடிக்கும் நீர் அது. உப்புக்குப் பதிலாக அதுதான். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய மூன்றரை கிராம் உப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்கவேண்டியது மிளகாயை அல்ல, இதை. பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். சூடான வாணலியின் ஓரத்தில் ஊற்றினால் சில நொடிகளில் அந்த வாடை பெருமளவு அடங்கி, வறுத்த இறைச்சியின் சுவை மட்டும் நிற்கும். அடுப்பை அணைத்தபிறகு ஊற்றினால் வாடை அப்படியே தங்கும். ஒரே பாட்டில், ஒரே அளவு. ஒரு தட்டு காலியாகும், இன்னொன்று மேசையிலேயே கிடக்கும்.

மேல்நாட்டவர்கள் இந்த மீன் சாஸ் வரை வந்துவிடுகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பாத் தாய் என்ற அரிசி நூடுல்ஸ் வதக்கல், பச்சை மிளகாய் விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பச்சைக் கறி, தோம் யாம் என்ற புளிப்பும் காரமுமான சூப், முந்திரி போட்ட கோழி, மாம்பழமும் ஒட்டரிசியும் என்ற வட்டத்துக்குள் அவர்கள் ரசிப்பது பொய் அல்ல. ஆனால் அந்த வட்டம் நடுத் தாய்லாந்தின் சமையல், அதிலும் இனிப்பும் தேங்காய்ப்பாலும் தூக்கலாக உள்ள பகுதி. வடகிழக்கே ஈசான் வட்டாரத்துக்குப் போனால் சோம் தாமில் மீன் சாஸுக்குப் பதில் பிளா ரா விழும். ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசித் தூளும் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்த கலங்கலான சாறு அது. அங்கே பெண்ணெடுத்து, வீடு கட்டி, நிரந்தரமாகக் குடியேறிய வெளிநாட்டவர்கள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒரே வீட்டில் மனைவி வீட்டாருக்கு ஒரு சமையல், அவருக்கு ரொட்டியும் முட்டையும். தெற்கே மீன் குடலைப் புளிக்கவைத்துச் செய்யும் கேங் தாய் பிளா இன்னும் கடினம். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்த தமிழருக்கு இவை இரண்டும் அந்நியமாகவே இருக்காது. தெற்கத்தி கேங் சோம் என்பது மஞ்சளும் புளியும் மீனும் சேர்ந்த தண்ணீர்க் குழம்பு, தேங்காய் கிடையாது. நம்மவர்கள் பாங்காக்கில் பச்சைக் கறியைத் தேடி அலைவதை விட்டுவிட்டு தெற்கத்திக் கடைகளில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். ஒன்று சர்க்கரை, குழம்பில் இனிப்பு என்றாலே நமக்கு ஆகாது. மற்றொன்று சூடு. காலையில் சமைத்துத் தட்டுகளில் பரப்பி வைத்து, சோற்றின்மேல் ஊற்றித்தரும் கறிச்சோற்றுக் கடைகளில் சோறுதான் சூடாக இருக்கும், கறி இருக்காது. "ஆறிப்போனதைக் கொடுக்கிறான்" என்பது நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் புகார். கூட்டம் மொய்க்கும் கடையில், பதினொரு மணிக்கு முன்பே போய்விட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, நூடுல்ஸ் கடை மேசையில் இருக்கும் நான்கு கிண்ணங்கள். சர்க்கரை, வறுமிளகாய்த் தூள், மிளகாய் நறுக்கிப்போட்ட மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர். சமையல்காரர் சூப்பை வேண்டுமென்றே மந்தமாகத்தான் கொடுக்கிறார், முடிக்கவேண்டியவர் சாப்பிடுகிறவர். ஒரு கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், ஒரு தேக்கரண்டி வினிகர், சிறிது மீன் சாஸ், கால் தேக்கரண்டி சர்க்கரை என்று தொடங்கி, கலக்கி, ருசி பார்த்துக் கூட்டலாம். அந்தக் கிண்ணங்களைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டு "உப்பும் இல்லை உறைப்பும் இல்லை" என்று எழுந்து வருவது, பாதி வெந்த சாப்பாட்டைக் குறை சொல்வதற்குச் சமம்.

இனி சென்னைக்கு வருவோம். தாய்லாந்து சாப்பாடு பிடிக்கவில்லை என்று இங்கே சொல்கிறவர்களில் பலர் அதைச் சாப்பிட்டதே இல்லை என்பது எங்கள் துணிபு. நம் உணவகங்களில் பச்சைக் கறி என்ற பெயரில் வருவது பெரும்பாலும் கட்டியான, இனிப்பான தேங்காய்ப்பால் கஞ்சி. காரணம் எளிது. நம் சொதியில் முதல் பால் திரிந்துவிடக்கூடாது. தீயைத் தணித்துக் கடைசியில் ஊற்றுவோம். தாய்லாந்து முறையில் கெட்டிப் பாலை முதலிலேயே கொதிக்கவிட்டு எண்ணெய் பிரியவைக்கவேண்டும். நான்கு பேருக்கு என்றால் 150 மில்லி முதல் பாலை மிதமான தீயில் ஆறேழு நிமிடம் கிளறினால் ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். அதில் 50 முதல் 60 கிராம் பச்சைக் கறி விழுதைப் போட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் மறுபடி மிதக்கும்வரை வதக்கி, பிறகு கோழியும் 300 மில்லி இரண்டாம் பாலும். பாக்கெட் தேங்காய்ப்பாலில் இது பெரும்பாலும் நடக்காது. பிரியாமல் இருக்கவே நிலைப்படுத்திகள் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு கொதித்தாலும் வெள்ளையாகவே நிற்கும், விழுது வதங்காது, வேகும். வேறு வழியில்லை என்றால் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் விழுதை வதக்கிவிட்டுப் பாக்கெட் பாலை ஊற்றலாம். தேங்காய் இத்தனை தாராளமாகக் கிடைக்கும் ஊரில் பாக்கெட்டை வெட்டுவதுதான் புரியவில்லை.

விழுதும் அப்படித்தான். மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்தால் நீர்த்துப்போகும். உப்போடு கடினமானதை முதலில் இடிக்கவேண்டும்: மல்லி, சீரகம், வெள்ளை மிளகு, பிறகு பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, பேரரத்தை, கொத்தமல்லி வேர், பூண்டு, சின்ன வெங்காயம், கடைசியில் இறால் விழுது. மிக்ஸிதான் என்றால் தண்ணீருக்குப் பதில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். கொத்தமல்லி வேருக்கு அலையவேண்டாம். கோயம்பேட்டில் கட்டு வேரோடுதான் வருகிறது, கிள்ளிக் குப்பையில் போடுகிறோம். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சித்தரத்தையை வாங்கிப் போடுவது பரவலான தவறு. குழம்பு கஷாயம் ஆகிவிடும். வேண்டியது பச்சைப் பேரரத்தைக் கிழங்கு. கிடைக்காவிட்டால் இஞ்சியைப் பாதி அளவு போடுவது மேல். காஃபிர் லைம் இலைக்கு எலுமிச்சை இலை நலிந்த மாற்று. வேப்பிலைக்கட்டிக்குப் பறிக்கும் இளம் நாரத்தை இலை கொஞ்சம் நெருங்கிவரும், நடு நரம்பை உரித்துவிடவேண்டும். தாய் பேசிலுக்கு திருநீற்றுப்பச்சிலை அதே இனம். சப்ஜா விதையைத் தொட்டியில் தூவினாலே முளைக்கும். அவர்களுடைய பனைச் சர்க்கரை வெளிறியது, மென்மையானது. நம் கருப்பட்டியை அதே அளவு போட்டால் நிறமும் புகை வாசமும் மேலோங்கும். முக்கால் பங்கு வெல்லம், கால் பங்கு கருப்பட்டி சரியாக வரும்.

இறால் போட்ட தோம் யாம் கூங் 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அதை இங்கே கெடுப்பது பெரும்பாலும் ஒரே தவறுதான்: எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவிடுவது. வாசம் பறந்து கசப்புத் தட்டும். ஒரு லிட்டர் சூப்புக்கு நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அடுப்பை அணைத்தபின்.

பாத் தாய் பற்றி ஒரு வரி சொல்லாமல் இருக்கமுடியவில்லை. புளி இல்லாத தேசங்களில் தக்காளி சாஸ் ஊற்றுகிறார்கள், போகட்டும். வீட்டுக்கு வீடு புளி இருக்கும் சென்னையில் ஏன்? கெட்டிப் புளிக்கரைசல், சர்க்கரை, மீன் சாஸ் மூன்றும் சம அளவு. அரிசி நூடுல்ஸை வேகவைக்காமல் சாதாரணத் தண்ணீரில் 30, 40 நிமிடம் ஊறவைத்து, ஒரு தடவைக்கு இரண்டு தட்டுக்கு மேல் போடாமல் புரட்டினால் குழையாது.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது. சென்னையில் பலர் சைவம், அல்லது சில கிழமைகளில் சைவம். அவர்களுக்கு 'வெஜ் கிரீன் கறி' என்று வைக்கப்படும் தட்டில், காய்கறி மட்டும் மிதப்பதால் அது சைவம் ஆகிவிடாது. விழுதில் இறால் இருக்கலாம், வள்ளைக்கீரை வதக்கலில் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ் இருக்கலாம், தோம் யாமின் மிளகாய் விழுதில் காய்ந்த இறால் இருக்கலாம். சில நிறுவனங்களின் விழுதில் இறால் உண்டு, சிலவற்றில் கிடையாது. பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிப்பதைத் தவிர வழியில்லை. பாங்காக்கில் இதற்குத் தெளிவான அடையாளம் உண்டு: மஞ்சள் கொடியில், தாய்லாந்து மொழியில், சிவப்பு எழுத்தில் 'ஜே', அதாவது சுத்த சைவம். அங்கே மீன் சாஸ், இறால் மட்டுமல்ல, முட்டையும் பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. வெறுமனே "இறைச்சி வேண்டாம்" என்று கேட்டால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸோடு கொடுப்பார்கள். அவர்கள் கணக்கில் அது ஏமாற்று அல்ல.

சமையலறையில் மாற்றுச் செய்வது கடினமே இல்லை. ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸுக்கு இரண்டு தேக்கரண்டி வெளிர் சோயா சாஸும் கால் தேக்கரண்டி உப்பும். இறால் விழுதுக்கு அதே அளவு புளித்த சோயா விழுது. ஆய்ஸ்டர் சாஸுக்குக் காளான் சாஸ். வாணலியும் கரண்டியும் தனி. பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மீன், இறால் வகை, நிலக்கடலை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஒற்றைக் கிளை வைத்திருக்கும் தாய்லாந்து உணவகங்களும் அதைத் தாங்களாகவே பின்பற்றலாம். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் மிளகாய்ப் படம் போட இடம் இருக்கிறதல்லவா, ஒரு மீன் படத்துக்கும் இடம் இருக்கும். அதைப் பார்த்து ஒதுங்குகிறவர் ஒதுங்கட்டும். மற்றவர்களுக்கு மீன் சாஸைக் குறைக்காமல், சர்க்கரையைக் கூட்டாமல் பரிமாறுங்கள்.

இப்படிக்கு,
தென்கிழக்காசியச் சமையல் பயிற்றுநர்கள் இருவர்,
திருவான்மியூர், சென்னை.