மூன்றாம் முழுமைத் திட்டத்தில் கீரைப் பாத்திக்கும் இடம் கொடுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு,

வணக்கம். சென்னையில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும், 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்து, 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம். அதில் எங்களுக்கு வேண்டியது இதுதான்: நகருக்குள் காய்கறி, கீரை வளர்ப்பதையும் ஒரு நிலப் பயன்பாடாகப் பெயர் சொல்லி விதியில் சேருங்கள்.

எங்கள் மனைப்பிரிவில் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது பொதுத் திறந்தவெளிக்காக ஒதுக்கிய இடம், ஒன்று இருக்கிறது. பூட்டிய கேட், உள்ளே இடுப்பளவு சீமைக்கருவேலம், யாரோ கொட்டிய கட்டட இடிபாடு. ஒரு மூலையைச் சுத்தம் செய்து, பாத்தி கட்டி, சிறுகீரையும் அரைக்கீரையும் போடுகிறோம், செலவு எங்களுடையது என்று குடியிருப்போர் சேர்ந்து மனு கொடுத்தோம். “பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட்ட இடம். விவசாயம் என்று எங்கே போட்டிருக்கிறது?” என்றார் அலுவலர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதியில் இல்லாததற்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. அப்படி வந்த நிலத்தில் பூங்காவாகாமல் கிடக்கும் துண்டுகளை ஆண்டு உரிமத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் கொடுங்கள். உடைமை உள்ளாட்சியிடமே இருக்கட்டும். மண் பரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள். கழிவுநீர் பாய்ச்சினால் உரிமத்தை ரத்து செய்யுங்கள். விளைந்ததை அங்கேயே விற்கவும் விடுங்கள். காலையில் பறித்த கீரை மதியத்துக்குள் துவண்டுவிடும். அதைக் கோயம்பேட்டுக்கு ஏற்றிப் போவதில் அர்த்தமில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013-இல் இதைச் செய்தது. ஒரு ஏக்கர் வரை தோட்டம், அதற்கு மேல் பண்ணை என்று மண்டல விதியிலேயே வரையறுத்தது. இங்கே தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்கு மானிய விலையில் விதையும் பையும் தந்திருக்கிறது. அதனால் பயனடைந்தவர்கள் ஏராளம். சொந்த மாடி இல்லாதவர் எங்கே போவார்?

அப்புறம், விவசாய மண்டலம். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் அறிவிப்புகளைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022-இல் அரசாணை வந்துவிட்டது. அந்த எல்லைக்குள் வரும் ஏரிப்பாசன வயல்களை, இன்னும் பிளாட் போடாத மனைகளாகத் தயவுசெய்து பார்க்காதீர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டங்களை ஊர் ஊராக, தமிழில் நடத்துங்கள். கீரைக்காரர்களும் வந்து பேசட்டும்.

இப்படிக்கு,
சென்னை மாடித்தோட்டக்காரர்களில் ஒருவர்