ஞாயிறன்று குழந்தைகள் இல்லத்துக்கு வருபவர்கள் கவனத்துக்கு

வணக்கமுங்க. வரும் ஞாயிறு காலை 9 மணிக்குத் திருப்பூர் ரயில் நிலையம் முன்பு கூடி, அங்கிருந்து சேர்ந்தே இல்லத்துக்குப் போகலாம். பாடம் சொல்லித்தர 4 பேர், சமையலுக்கு 2 பேர் வேண்டும். வெள்ளிக்குள் பெயர் போட்டுவிடுங்கள்.

போன வாரம் ஒருவர் பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் கூடவே கூடாதுங்க. இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பிள்ளையை யார் தேடி வருவார்கள் என்று நமக்குத் தெரியாது. அதேபோல "ஏன் ஓடி வந்தே, அப்பா எங்கே" என்று துருவ வேண்டாம். அவர்களே சொன்னால் கேளுங்கள். அடி, தொந்தரவு என்று ஏதாவது காதில் விழுந்தால் உடனே வார்டனிடம் சொல்லுங்கள், நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள்.

நிலையத்தில் தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் நாமாகக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்து, ஆள் வரும்வரை கூடவே நில்லுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பிள்ளை எங்கே தங்குவது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும்.

பழைய பனியன் மூட்டை இனி வேண்டாம், அறை நிறைந்துவிட்டது. புதுச் செருப்பு, உள்ளாடை என்றால் சரி. மாதம் ஒரு ஞாயிறு என்றாலும் தவறாமல் வருபவரைத்தான் பிள்ளைகள் வாசலில் நின்று தேடுகிறார்கள்.

அப்புறம், கேரம் பவுடர் தீர்ந்துவிட்டது. யாராவது வாங்கி வாருங்கள்.