கஷாயம் சரி, மூட்டைக்குள்ள என்ன இருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல கறிக்கோழிக்கு ஆன்டிபயாடிக் வேணாம், பூண்டு மஞ்சள் ஓமமே போதும்னு கட்டுரை வந்துச்சே, அத படிச்சிட்டுதான் எழுதுறேன். தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் 5000 குஞ்சு விடுற ஷெட் வச்சு கம்பெனிக்கு வளர்த்துக் குடுக்குறவன் நான்.

கட்டுரைல சொன்னது பொய்யில்ல. ஓமத்துல இருக்குற தைமாலும் பூண்ட நசுக்குனா வர்ற அல்லிசினும் கிருமிய அடக்கும்தான். ஆனா போன ஐப்பசி மழைல கோழிக்கு கழிச்சல் கண்டப்ப எங்கம்மா பேச்ச கேட்டு கற்பூரவல்லியும் பூண்டும் அரைச்சு துணில வடிகட்டி தண்ணி டேங்க்ல ஊத்துனேன், விடிஞ்சு பாத்தா கோழி கொத்தி தண்ணி குடிக்கிற நிப்பிள் பாதி அடைச்சுக்கிட்டு கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு நிக்குது, பைப்ப கழட்டி கழுவவே ஒரு நாள் போச்சு. அப்புறம் கழிச்சல் நின்னுச்சு, ஆனா அது கஷாயத்தாலயா இல்ல ஷெட் தரைல பரப்பியிருந்த ஈரமான தேங்கா நார்த்தூள அள்ளிட்டு புதுசு கொட்டுனதாலயான்னு கேட்டா நார்த்தூள்னுதான் சொல்லுவேன் (அம்மாகிட்ட சொல்லிறாதீங்க).

வீட்டுல பத்து நாட்டுக்கோழிக்கு கீழாநெல்லி சீரகம் மிளகு அரைச்சு உருண்ட புடிச்சு குடுக்குறது வேற, 5000 கோழிக்கு குடுக்குறது வேற சார். இலையோட வீரியம் மழைக்கு ஒண்ணு வெயிலுக்கு ஒண்ணு. அளவு பாத்து எடுத்த சாறுன்னாதான் ஷெட்டுக்கு ஆகும், அதுக்கு காசு யாரு குடுப்பா? கிலோவுக்கு இவ்ளோன்னு வளர்ப்புக்கூலி வாங்குற நானா?

இதுல பெரிய கூத்து என்னன்னா குஞ்சு, தீவனம், மருந்து மூணுமே கம்பெனிதான் இறக்குது, எங்களுது ஷெட்டும் கரண்டும் உழைப்பும் மட்டும்தான். தீவன மூட்டைல ஆன்டிபயாடிக் கலந்திருக்கா இல்லையான்னு தமிழ்ல ஒரு வரி கெடையாது, சூப்பர்வைசர கேட்டா "அண்ணே, நீங்க எடை வருதான்னு மட்டும் பாருங்க"ங்குறாரு. ஆஸ்பத்திரில வேற எந்த மருந்தும் கேக்காதப்ப கடைசியா போடுற கோலிஸ்டின கோழி சீக்கிரம் வளரணும்னு தீவனத்துல போட்டுட்டு இருந்தாங்க, 2019லதான் மத்திய அரசு அத தடை பண்ணுச்சு. ஐரோப்பால வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாடிக்கும் தீவனத்துல கலக்கக்கூடாதுன்னு 2006லயே நிறுத்திட்டாங்க. நோய் வந்தா டாக்டர் சொல்லி மருந்து போடுறது வேற, அத யாரும் வேணாம்னு சொல்லல, கோழிய கறிக்கு லோடு ஏத்துறதுக்கு இத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்னு கணக்கு இருக்கு. நல்லாருக்குற கோழிக்கு தெனமும் கொஞ்சமா போடுறதுதான் கிருமிக்கு மருந்த பழக்கிவிடுது.

அதனால மொதல்ல மூட்டைல தமிழ்ல எழுத சொல்லி எழுதுங்க. ஓசூர் மத்திகிரில கோழிக்குன்னே காலேஜ் இருக்கு, அவங்க எங்கள மாதிரி ஆளுங்க ஷெட் ரெண்டு எடுத்து ஒண்ணுல மூலிகை சாறு ஒண்ணுல வழக்கமான தீவனம்னு போட்டு, எவ்ளோ செத்துச்சு, ஒரு கிலோ எடைக்கு எவ்ளோ தீவனம் தின்னுச்சுன்னு கணக்க காட்டட்டும், நானே ஷெட் தர்றேன்.

அப்புறம் அந்த கட்டுரைக்கு போட்ட படத்துல இருந்தது முட்டைக்கோழி சார், கறிக்கோழி இல்ல.

இப்படிக்கு,
கோழி வளக்குறவன், காரிமங்கலம்