சேகருக்கு, டிசம்பருக்கு முன்னால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராகவன் அந்தப் பழைய பேஸ்பால் அணி எக்ஸ்போஸின் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. அவன் தரப்பு நியாயத்தைக் கீழே எழுதுகிறேன், சிரிக்காமல் படி.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க பேஸ்பாலில் அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் நடக்கும் சம்பளத் தகராறைப் பற்றி, "கோடீஸ்வரனுக்கும் அவனைவிடப் பெரிய கோடீஸ்வரனுக்கும் சண்டை, நமக்கு என்னடா? சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் கொட்டம் அடங்கும்" என்று எழுதியிருந்தாய். அடுத்த பத்தியிலேயே, பந்தெறியும் பிட்ச்சர் இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற பிட்ச் கடிகாரத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தாய். விதி மாற்றம் ஒரு பக்கம், சம்பளத் தகராறு இன்னொரு பக்கம் என்று நீ பிரித்து வைத்திருக்கிறாய் பார், அங்கேதான் உன்னோடு எனக்கு வழக்கு.

கடிகாரம் நல்லது என்பதில் நானும் உன் கட்சிதான். 2021-இல் ஒன்பது இன்னிங்ஸ் முடிய சராசரி 3 மணி 10 நிமிஷம் ஆனது. 2023-இல் அது 2 மணி 40 நிமிஷம். ஆட்டத்தில் ஒன்றும் குறையவில்லை. பேட்டர் கையுறைப் பட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய நேரமும், பிட்ச்சர் தான் எறியும் மேட்டைச் சுற்றி நடந்த நேரமும்தான் போயின. பேஸில், அதாவது ஓட்டக்காரன் நிற்கும் முனைகளில், ஆள் இல்லை என்றால் எறிய 15 விநாடி. ஆள் இருந்தால் 2023-இல் 20, 2024 முதல் 18. கடிகாரத்தில் 8 விநாடி மிச்சம் இருக்கும்போது பேட்டர் பிட்ச்சரைப் பார்த்துத் தயாராக நிற்க வேண்டும். பிட்ச்சர் தாமதித்தால் ஒரு 'பால்', அது பேட்டருக்குச் சாதகமான கணக்கு. பேட்டர் தாமதித்தால் ஒரு 'ஸ்ட்ரைக்', அது அவருக்குப் பாதகம்.

ஆனால் பிட்ச்சர் எறியும்போதே ஓட்டக்காரன் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டு கூடியதற்குப் பெரிய பேஸ்தான் காரணம் என்று நீ எழுதியது பாதிதான் சரி. பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனதில் முதல் பேஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நாலரை அங்குலம் குறைந்தது, உண்மை. அதைவிடப் பெரிய காரணம், பிட்ச்சர் மேட்டை விட்டு இரண்டு தடவைதான் விலகலாம் என்ற விதி. மூன்றாவது தடவை முதல் பேஸுக்கு எறிந்து ஆளைப் பிடிக்கவில்லை என்றால் அது 'பால்க்' என்ற தவறு. ஓட்டக்காரன் சும்மா நடந்து அடுத்த பேஸுக்குப் போய்விடுவான். ஆகவே இரண்டு எறி தீர்ந்ததுமே அவன் இன்னும் ஓர் அடி துணிந்து தள்ளி நிற்கிறான். கடிகாரம் ஒன்று, இரண்டு என்று இறங்கும்போது பிட்ச்சர் எறிந்தே தீர வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். 2022-இல் 2,486 ஆக இருந்த திருட்டு மறுவருஷமே 3,503 ஆனது இப்படித்தான்.

சரி, இந்த விதி எப்படி வந்தது தெரியுமா? முதலாளிகளும் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். மொத்தம் 11 பேர்: முதலாளிகள் தரப்பில் 6, ஆட்டக்காரர்கள் 4, அம்பயர் 1. ஆறும் ஒரு பக்கம் நின்றால் மற்ற ஐவரும் சேர்ந்தாலும் பயனில்லை. அதற்கு முன் சங்கம் ஒத்துக்கொள்ளாத விதியைக் கொண்டுவர முதலாளிகள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இப்போது 45 நாள் நோட்டீஸ் போதும். 2022 செப்டம்பரில் கடிகாரமும், ஃபீல்டர்களை ஒரு பக்கமாகக் குவிக்கும் ஷிஃப்டுக்குத் தடையும் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆட்டக்காரர்கள் நாலு பேரும் எதிர்த்துத்தான் வாக்களித்தார்கள். விதி வந்துவிட்டது. 20-ஐ 18 ஆக்கியபோதும் சங்கம் வேண்டாம் என்றது. அதுவும் வந்துவிட்டது.

2024 ஏப்ரலில் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், ஷேன் பீபர் என்று பிட்ச்சர்களுக்கு வரிசையாக முழங்கை போனபோது கடிகாரம்தான் காரணம் என்று சங்கம் அறிக்கை விட்டது. நான் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு பந்தையும் உடம்பில் உள்ள பலமெல்லாம் திரட்டி எறிவதுதான் முழங்கைத் தசைநாரை முதலில் தின்கிறது. கடிகாரம் வருவதற்குப் பல வருஷம் முன்பே இந்த ஆபரேஷன் பெருகிவிட்டது. ஆனாலும் தறியின் வேகத்தைக் கூட்டுகிறவன் தறி ஓட்டுகிறவனைக் கேட்க வேண்டுமா வேண்டாமா? இரண்டு பந்துக்கு நடுவே கை ஆறுவதற்கு எத்தனை விநாடி என்பது சம்பளத்தைப் போலவே வேலை நிபந்தனைதான். அதை ஆறுக்கு நாலு என்ற கணக்கில் முடிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த 2026 சீசனில் வந்திருக்கும், அம்பயர் சொன்ன ஸ்ட்ரைக்கையோ பாலையோ எதிர்த்து எந்திரத்தின் அளவைக் கேட்கும் ஸ்ட்ரைக் முறையீட்டை மட்டும் மனதார வரவேற்கிறேன். கீழ்மட்ட லீக்கில் வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். அணிக்கு இரண்டு முறையீடு. சரியாகச் சொன்னால் கையிலேயே இருக்கும், தப்பினால் ஒன்று போகும். பேட்டர், பிட்ச்சர், கேட்ச்சர் மூவர்தான் கேட்கலாம். தொப்பியையோ ஹெல்மெட்டையோ உடனே தட்ட வேண்டும், வெளியிலிருந்து யாரும் சாடை காட்டக் கூடாது. கிரிக்கெட் ரிவ்யூ பழகிய உனக்கு இது ஒரு நாளில் பிடிபட்டுவிடும். பந்து கடந்தால் ஸ்ட்ரைக் ஆகும் கட்டத்தின் அகலம், பேட்டருக்கு முன் தரையில் பதித்த பிளேட்டின் 17 அங்குலம். மேல்கோடு பேட்டர் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்க்கோடு 27 சதவீதம். ஆறடி ஆளுக்குத் தரையிலிருந்து சுமார் 19½ அங்குலத்தில் தொடங்கி 38½ அங்குலத்தில் முடியும். பந்து பிளேட்டின் நடுவைக் கடக்கும் இடத்தில்தான் அளவு. முன்விளிம்பை உரசிவிட்டு நடுவுக்கு வருவதற்குள் கட்டத்துக்குக் கீழே விழுந்துவிடும் வளைபந்துக்கு இங்கே ஸ்ட்ரைக் கிடையாது. அதைப் பார்த்து நீ கத்துவாய், இப்போதே சொல்லிவிட்டேன்.

பத்தாவது இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஆளைச் சும்மா நிற்க வைக்கும் விதி பற்றிப் பேசவே வேண்டாம். நம் பந்தயம் அப்படியே இருக்கிறது, பணம் நீதான் தர வேண்டும்.

இப்போது என் கவலை. அந்த 2022 ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது. முடிந்தால் ஆட்டம் நின்றுவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. பேச்சுவார்த்தை நடக்கும்வரை பழைய நிபந்தனையிலேயே ஓட்டலாம். ஆனாலும் முதலாளிகள் மறுநாளே கதவடைப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். 2021 டிசம்பர் 2-இல் அப்படித்தான் அடைத்தார்கள், 99 நாள். காரணம் எளிது. ஆட்டக்காரனுக்குச் சம்பளம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான். முதலாளிக்குக் கொழுத்த பணம் அக்டோபர் இறுதிச் சுற்றுப் போட்டிகளின் டிவி உரிமையில் வருகிறது. கதவு திறந்தே இருந்தால், பாதிச் சம்பளத்துக்கு மேல் கைக்கு வந்துவிட்ட ஆகஸ்டில் சங்கம் வேலைநிறுத்தம் செய்து முதலாளியின் மடியில் கை வைக்கும். டிசம்பரில் பூட்டிவிட்டால் முதலாளிக்கு அன்றைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஏப்ரலில் பசிப்பது ஆட்டக்காரனுக்கு. பூட்டியிருக்கும் நாளில் புது ஒப்பந்தம் இல்லை, ஆள் மாற்றம் இல்லை. கை வலிக்கிறது என்று அணியின் மருத்துவரிடம் போன் பேசக்கூட முடியாது.

1994-இல் சங்கம் முந்திக்கொண்டது. முதலாளிகள் கேட்டது இதே உச்சவரம்புதான். ஆகஸ்ட் 12-இல் ஆட்டம் நின்றது. செப்டம்பர் 14-இல் இறுதிப் போட்டியான உலகத் தொடரையே ரத்து செய்தார்கள். டோனி க்வின்னின் பேட்டிங் சராசரி .394-இல் நின்றுபோனது, .400 எட்டியிருப்பாரா என்பது இனி யாருக்கும் தெரியாது. மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. அந்த வருஷம் அவர்களைவிட நல்ல அணி இல்லை. 1995 வசந்தத்தில் கையில் காசில்லாமல் ஹில், வெட்டலாண்ட், கிரிஸம் மூவரையும் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள், லாரி வாக்கர் தானே போய்விட்டார். பத்து வருஷத்தில் அணியே வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. ராகவன் தொப்பியைக் கழற்றாததற்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

அந்த வசந்தத்தில் முதலாளிகள் கருங்காலிகளை வைத்துப் பயிற்சி ஆட்டம் நடத்தியது உனக்கு நினைவிருக்கும். டெட்ராய்ட் மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அவர்களை நடத்த மாட்டேன் என்று வீட்டுக்குப் போனார். பால்டிமோர் முதலாளி ஏஞ்சலோஸ் அப்படி ஓர் அணியை இறக்கவே மறுத்தார். கடைசியில் நீதிபதி சோட்டோமயோர் 1995 மார்ச் 31-இல் பழைய நிபந்தனைகளைத் திரும்பக் கொண்டுவரும்படி உத்தரவிட்ட பிறகுதான் 232 நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. உச்சவரம்பு வரவில்லை.

இப்போது நீ சொன்ன கோடீஸ்வரக் கதைக்கு வருகிறேன். டாட்ஜர்ஸின் ஒட்டானிக்குப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடி 2034 முதல்தான், வட்டியில்லாமல். நியூயார்க் மெட்ஸின் சோட்டோவுக்கு 76.5 கோடி. இந்தப் பெயர்களை வைத்தே எல்லோரும் பேசுகிறார்கள். மேல்மட்ட மேஜர் லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் 2026-இல் 7,80,000 டாலர். முதல் மூன்று வருஷம் பெரும்பாலோர் அதையொட்டித்தான் வாங்குகிறார்கள். பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 2025-இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கிய வருஷத்தில் அவர் சம்பளம் 8,75,000. பிறகு மூன்று வருஷம் நடுவர் முன் சம்பள வழக்கு. ஆறு வருஷம் முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகலாம். பல பிட்ச்சர்களுக்கு அதற்குள் முழங்கை போய்விடுகிறது.

அந்த ஆறு வருஷத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார். ஒரு சர்வீஸ் வருஷம் என்றால் மேஜர் லீக் அணியில் 172 நாள். 2015-இல் கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 வரை கீழ்மட்ட லீக்கிலேயே வைத்திருந்தது. பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தவர். சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் விடுதலை ஒரு முழு வருஷம் தள்ளிப்போனது. வழக்குப் போட்டார், 2020-இல் தோற்றார். 2022 ஒப்பந்தத்தில் சங்கம் இதற்கு ஒரு பரிகாரம் வாங்கியது: சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருஷமும் கணக்கு. ஸ்கீன்ஸ் 2024 மே 11-இல்தான் மேலே வந்தார். அந்த விருது வாங்கியதால் முழு வருஷம் கிடைத்தது. மூன்றாவது இடத்துக்கு வந்தவனுக்கு? ஒன்றுமில்லை. கதவடைத்துப் பேசும்போது ஒரு நாள், ஒரு வருஷம் என்று பேரம் நடப்பது இதைப்போன்ற ஆட்களுக்காகத்தான்.

உனக்கு ஐபிஎல் பிடிக்கும். அங்கே 2025 ஏலத்தில் அணிக்கு 120 கோடி ரூபாய் வரம்பு இருந்தது. ஏலத்தில் பேர் கொடுத்தவன் எந்த ஊர்ச் சட்டை போடுவான் என்பது அவன் கையில் இல்லை. பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் 1969-இல் எதிர்த்தது இதைத்தான். செயின்ட் லூயிஸ் அணி தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார், விளையாட்டு வாழ்க்கையும் முடிந்தது. 1975-இல் மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி என்ற இரண்டு பிட்ச்சர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. முதலாளிகள் உடனே சைட்ஸை நீக்கினார்கள்.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டு உலகத் தொடரையும் ஜெயித்தது. 2000 யாங்கீஸுக்குப் பிறகு யாரும் அடுத்தடுத்து ஜெயித்ததில்லை. உள்ளூர் கேபிள் டிவி பணம் வற்றிக்கொண்டிருக்கிறது, சின்ன ஊர் அணிகளுக்கு உண்மையிலேயே கஷ்டம். ஆனால் அதற்கு மருந்து முதலாளிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வது. இப்போதே உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதம் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பணத்தை ஆட்டக்காரர்கள் மீது செலவழிக்கவில்லை என்று 2018-இல் நாலு அணிகள் மீது சங்கம் புகார் கொடுத்தது. வாங்கிய பணத்துக்கு முதலில் கணக்குக் காட்டட்டும். உச்சவரம்போடு வருமானத்தில் இத்தனை சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு என்று சொல்கிறவர்கள், எந்த வருமானம், யார் எழுதிய கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையில் இருப்பதால் அட்லாண்டா அணியின் கணக்கை நாம் எல்லோரும் படிக்கலாம். மற்றவர்கள் கணக்கு எங்கே?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் உச்சவரம்புக்காகவே 2004-05 சீசன் முழுவதையும் இழந்தார்கள், கடைசியில் உச்சவரம்பு வந்தது. முதலாளிகள் மனதில் அந்தப் பாடம் இருக்கிறது. அதனால்தான் 2027 ஏப்ரலை நினைத்துப் பயப்படுகிறேன். 2022-இல் ஒரு வாரம் தள்ளிப்போனதோடு தப்பித்து 162 ஆட்டமும் ஆடிவிட்டார்கள். இந்த முறை அப்படி முடியும் என்று என்னால் எழுத முடியவில்லை.

அதனால் செப்டம்பரில் நீ வந்தே ஆக வேண்டும். ராகவனிடம் மூன்று டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன், மூன்றாவது பேஸ் பக்கம். தேதி உறுதியானதும் எழுது. பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
மணி