கார்த்திகை மழையும் பிள்ளைத் துணியும்

ஏட்டி, எப்படி இருக்க? முட்டு வலி தேவலையா? உன் லெட்டர் வந்ததுல இருந்து பதில் எழுதணும் எழுதணும்னு நெனைக்கேன், கை ஒழியல. மகளுக்கு ஆம்பளப் பிள்ள பொறந்து இன்னையோட 26 நாளு. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். நல்லா பால் குடிக்கான், நல்லா தூங்குதான், ஒரு நாளைக்கு இருபது துணிக்குக் கொறையாம நனைக்கான். இங்க அம்பாசமுத்திரத்துல ஐப்பசில புடிச்ச மழை இன்னும் வெறிக்கல, வெயிலப் பாத்து நாலு நாளாச்சு.

நீயும் பாளையங்கோட்டை பிளாட்ல துணி காயாம வாடை அடிக்குன்னு எழுதியிருந்தேல்லா, அதுக்குத்தான் இத்தனையும் எழுதுதேன்.

வெயில் இல்லாட்டி துணி காயாதுன்னு தான் நானும் நெனச்சிருந்தேன். அப்படி இல்ல, காத்து தான் முக்கியம். எங்க அக்காவ பணகுடில கட்டிக் கொடுத்திருக்குல்லா, ஆடி மாசம் அங்க வானம் மூடிக் கெடந்தாலும் சேலை அரை மணி நேரத்துல காஞ்சிரும், க்ளிப்பு போடாட்டி அடுத்த தெருவுல போய்த்தான் எடுக்கணும். அதே ஆடில தென்காசி சாரல் காத்துல நாள் முழுக்கத் தொங்கினாலும் ஓரம் ஈரமாத்தான் இருக்கும். காத்தும் வேணும், அது ஈரமில்லாத காத்தாவும் இருக்கணும்.

இது தெரியாம மொதல்ல பின் ரூம்ல கொடி கட்டி, சாரல் அடிச்சிரக் கூடாதுன்னு கதவு ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சு, பேனப் போட்டு விட்டுட்டேன். சாயங்காலம் கதவத் தொறந்தா மூஞ்சில ஈரம் அடிக்கு, பீரோக் கண்ணாடி வேர்த்துப் போய் நிக்கு, துணி அப்படியே இருக்கு. துணில இருந்து வந்த தண்ணி போக வழி இல்லாம அந்த ரூமுக்குள்ளயே சுத்திக்கிட்டு கெடந்திருக்கு. மறுநாள் கொடிய பட்டாசலுக்கு, அதான் நடு ஹாலுக்கு மாத்தி, முன்னால தார்சா பக்கத்து ஜன்னலையும் பின்கட்டு ஜன்னலையும் நாலு விரக்கடை தொறந்து வச்சு, டேபிள் பேன ஸ்டூல்ல ஏத்தி பக்கவாட்டுல அடிக்க விட்டு, துணிக்குத் துணி ஒரு சாண் இடம் விட்டுப் போட்டேன். காலைல போட்டது மத்தியானச் சோத்துக்கு முன்னால காஞ்சுட்டு.

இன்னொண்ணு, இத எங்க வீட்டுக்காரவுக கடைத் தராசுல நானே நிறுத்துப் பாத்தேன். மருமகனோட ஜீன்ஸ், காஞ்சிருக்கும்போது 650 கிராம். மெஷின்ல இருந்து எடுத்தப்ப 1,050. திரும்ப வெறும் ஸ்பின் மட்டும் போட்டு எடுத்தா 950. அரை டம்ளர் தண்ணி பத்து நிமிஷத்துல போயிட்டு, அதக் கொடில காய விட்டா எம்புட்டு நேரம் ஆகும்! பெறவு அத உள்பக்கம் வெளிய திருப்பி, பை ரெண்டும் வெளிய தொங்க, இடுப்ப விரிச்சு க்ளிப்பு போட்டா காலுக்குள்ள காத்து போகும். கையால துவைச்சதுன்னா காஞ்ச துண்டுக்குள்ள வச்சு பாய் மாதிரி சுருட்டி நல்லா மிதிச்சு எடு.

வாடைக்கு சோப்பக் கொறை சொல்லாத. துணி ரொம்ப நேரம் ஈரமாவே கெடந்தா கிருமி பெருகிரும், நாறுறது அது தான். நீ ராத்திரி மெஷினப் போட்டுட்டு காலைல எடுக்கேன்னு எழுதியிருக்கியே, அத மொதல்ல விடு. வாசன லிக்விட் ஊத்தினா மறையும், துண்டு நனைஞ்சதும் திரும்ப வந்துரும், போதாததுக்கு அது ஊத்தின துண்டு தண்ணியவும் இழுக்காது. ஒரு தடவ நல்ல வெந்நீர்ல அரைமணி நேரம் ஊறப் போட்டு அலசிப் பாரு.

எங்க அத்தை கூடையக் கவுத்தி, உள்ள கரி நெருப்புல சாம்பிராணி போட்டு, மேல துணிய விரிக்கச் சொன்னாக. எங்க அம்மாவும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் காய வச்சா. ஆனா பச்சப் பிள்ளைக்குப் புகை ஆகாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க, அடைச்ச ரூம்ல கரி நெருப்பு வச்சா ஆள் உயிருக்கே ஆபத்து. வேண்டாம்னுட்டேன். அவுக மூஞ்சி வாடினத பாக்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு. லேசா ஈரம் நின்னா இஸ்திரிப் பெட்டியத் தேய்ச்சு முடிச்சிருதேன்.

நாம ஆத்துல துவைச்சு பாறைல விரிச்சுட்டு, குளிச்சு ஏறுறதுக்குள்ள பாவாடை மொடமொடன்னு நிக்குமே, அது தான் நெனப்புக்கு வருது. கீழ பாறைச் சூடு, மேல வெயிலு, ஆத்துக் காத்து.

உங்க அம்மாவோட பழைய வாயல் சேலை ரெண்டு மூணு இருக்குன்னு சொல்லுவேல்லா, கொடுக்க மனசு இருந்தா அம்பாசமுத்திரம் பஸ்ல வாரவங்க யார்ட்டயாவது கொடுத்து விடுட்டி. தொட்டிலுக்கு ஒண்ணு, மத்தத பிள்ளைக்குத் துணியா கிழிச்சுக்கிடுதேன். துருக்கித் துண்டு காயுற நேரத்துல வாயல் மூணு தடவ காஞ்சிரும்.