புள்ளி வைத்து இரண்டு நீர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்த அன்று நான் இடது கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதறாதே. மாடிப்படியில் இன்னும் ஒரு படி பாக்கி இருப்பதை மறந்துவிட்டேன், அவ்வளவுதான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. நல்லவேளை, எழுதுகிற கை தப்பியது. தலை பின்னத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

உன் வீட்டு ஃபால்ஸ் சீலிங் கதையைப் படித்தேன். மேல்மாடிக் குளியலறைக் குழாய் கசிந்து, ஜிப்சம் பலகை நடுவில் பானை வயிறு மாதிரி தொங்கிவிட்டது. போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால் "காய்ந்ததும் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். "நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே, இந்த ஜிப்சத்தை நம்பலாமா கூடாதா, ஒரு வார்த்தை சொல்" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் முடிக்கிற ஆளா நான்? அதுவும் முழங்கை வரைக்கும் அதே ஜிப்சம் ஏறி உட்கார்ந்திருக்கும்போது!

கட்டு போட்ட கதையைக் கேள். முதலில் பஞ்சு சுற்றினார்கள். பிறகு, மாவு ஏற்றிய துணிச்சுருளை வாளித் தண்ணீரில் முக்கினார் கட்டுப் போடுகிறவர். குமிழி வருவது நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, சுற்றச் சுற்ற உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்தார். முதலில் சில்லென்று இருந்தது. ஐந்தாறு நிமிடம் போயிருக்கும், கட்டுக்குள்ளேயிருந்து வெதுவெதுப்பு ஏற ஆரம்பித்தது. காய்ச்சல் கண்ட குழந்தையின் கையைப் பிடித்த மாதிரி. அதற்குள் மேல்பக்கம் தட்டினால் டொக்கென்றது. "சூடா இருக்கா? பயப்படாதீங்கம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப்போட்ட வெப்பம், என் தோலுக்கு அன்றைக்குத்தான் எட்டியது.

பக்கத்து வகுப்பில் நீ இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பாய். நான் கத்துவது உன் காதில் விழுந்திருக்கும். "கால்சியம் சல்ஃபேட், புள்ளி வைத்து இரண்டு நீர்!" ஜிப்சத்தின் வாய்பாட்டைத்தான் அப்படிக் கத்துவேன். அதன் சங்கதி முழுக்க அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் தண்ணீரில்தான். கல்லைத் தொட்டால் காய்ந்துதான் இருக்கும். ஆனால் நூறு கிராம் கல்லில் கிட்டத்தட்ட 21 கிராம் தண்ணீர் படிகத்தோடு படிகமாகக் கட்டுண்டு கிடக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழும். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வெறும் 2. இதை 150 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சுட்டால் தண்ணீரில் முக்கால் பங்கு ஓடிவிடும். மிஞ்சும் வெள்ளைப் பொடிதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டி எடுத்ததால் வந்த பெயர். பொடிக்குத் தண்ணீரைக் காட்டினால் போதும், இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியாய்ப் படிகம் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். அப்போது வெளியேறும் வெப்பம்தான் என் கையில் உறைத்தது. (உன் பேத்தி பொம்மை வார்க்கிறேன் என்று வெறும் கையைச் சாந்து வாளிக்குள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். மெல்லிய மாவுக்கட்டில் வெதுவெதுப்பாக இருப்பது, மொத்தையாக இருந்தால் தோலை வேகவைத்துவிடும்.)

எலும்பு முறிவுக்கு இந்தத் துணிச்சுருள் முறையை 1852-இல் எழுதி வெளியிட்டவர் அன்டோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். அவருக்கு என் கை கடன்பட்டிருக்கிறது.

உறையும்போது இது சுருங்காது. மயிரிழை அளவு விரியும். அதனால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிரப்பும். சிலை வார்ப்பவர்களும் பல் மருத்துவர்களும் இதை விடாமல் வைத்திருப்பது அதனால்தான். உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை பொம்பெய் நகரத்தை மூடியது. சாம்பல் இறுகிவிட்டது, உள்ளே இருந்த உடல்கள் மட்கிப்போய் வெறும் பொந்துகள் மிஞ்சின. 1863-இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்தப் பொந்துகளில் பிளாஸ்டரை ஊற்றி, உறைந்ததும் சுற்றியிருந்த சாம்பலைத் தட்டி எடுத்தார். முகத்தை மூடிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தவர்கள் துணி மடிப்போடு வெளியே வந்தார்கள்.

சரி, உன் சீலிங்குக்கு வருகிறேன். ஜிப்சம் பலகை மோசமில்லை. தீ என்று வந்தால் அதைப் போலத் துணை கிடையாது. நெருப்பு ஒரு பக்கம் நாக்கை நீட்டும்போது, உள்ளே கட்டுண்ட அந்த இரண்டு நீரும் ஆவியாகிப் போவதிலேயே வெப்பம் செலவாகிறது. அது தீரும்வரை மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் வெளியே ஓடிவிடலாம். ஆனால் அதற்கு ஆகாதது ஓயாத ஈரம். ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகத் தண்ணீரில் கரையும். கொஞ்சம்தானே என்று தோன்றும். இராக்கில் மோசுல் அணையை ஜிப்சம் கலந்த பாறைமேல் கட்டிவிட்டு, அடியில் கரைந்து விழும் ஓட்டைகளை 1980-களிலிருந்து சிமென்ட் குழம்பு செலுத்தி அடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்! உன் பலகைக்கு இருபுறமும் காகிதம் வேறு. ஊறினால் அதில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் தொங்கிய பலகைக்குப் பெயின்ட் அடிப்பதெல்லாம் வீண் செலவு. முதலில் குழாயைச் சரிபார்க்கச் சொல். பிறகு அந்தப் பலகையை வெட்டி எடுத்துவிட்டு, குளியலறைக்குக் கீழே வருகிற இடத்தில் மட்டும் ஈரம் தாங்கும் ரகத்தைப் போடச் சொல். மற்றதைத் தொடாதே.

சிமென்டிலும் ஜிப்சம் உண்டு, நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு. சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டியை, அதாவது கிளிங்கரை, அரைக்கும்போது இதைச் சேர்க்காவிட்டால், தண்ணீர் ஊற்றியதும் கலவை சட்டியிலேயே இறுகிவிடும். கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் வேலை முடிந்தது. அங்கே பார், மாவுக்கட்டில் சீக்கிரம் உறைவதற்கு. சிமென்டில் தாமதமாக உறைவதற்கு!

உன் அண்ணன் நிலக்கடலைக்கு மூட்டை மூட்டையாக இதைப் போடச் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். நியாயம் இருக்கிறது, சொல். மற்ற செடிகளில் வேர் எடுத்த கால்சியம் தண்டு வழியாகக் காய்க்குப் போகும். கடலையில் அது காய்க்கு வந்து சேராது. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தாமே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது, வெறும் பொக்கு. அதனால்தான் விழுது இறங்கும் பருவத்தில் செடியோரமாகப் போட்டு மண் அணைக்கிறார்கள். களர் நிலத்துக் கதை வேறு. அங்கே மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்கிறது. தள்ளப்பட்டது வெளியேற வடிகால் வேண்டும். வடிகால் இல்லாத வயலில் கொட்டினால் காசு கரைந்ததுதான் மிச்சம்.

கட்டு போட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ராத்திரியில் நய்க்கா குகைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெக்சிகோவில், பூமிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் அடியில். 2000-ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர்கள் கண்ணில் பட்டது. சாய்ந்தும் குறுக்கேயும் கிடக்கும் ஜிப்சப் படிகங்கள், பதினோரு மீட்டர் நீளம் வரை. படத்தில் பக்கத்தில் நிற்கும் மனிதர் தீக்குச்சி மாதிரி தெரிகிறார். உள்ளே 58 டிகிரி வெப்பம், காற்று முழுக்க ஈரம். தனி உடுப்பு இல்லாமல் சில நிமிடத்துக்குமேல் தாங்காது. வெந்நீருக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆடாமல் அசையாமல் வளர்ந்ததாம். சுரங்கத்துக்காகத் தண்ணீரை இறைத்ததால்தான் வெளியே தெரிந்தது. இறைப்பதை நிறுத்தியதும் மறுபடி முழுகிவிட்டது. ஏனோ எனக்கு அதில் ஒரு நிம்மதி.

இன்னொரு வேடிக்கை. பழைய பெட்டியில் கிடந்த இரண்டு சாக்பீஸ்களை எடுத்து ஆளுக்கு ஒரு சொட்டு வினிகர் விட்டேன். ஒன்று நுரைத்தது, அது சுண்ணாம்புச் சாக். மற்றது சும்மா உறிஞ்சிக்கொண்டு பேசாமல் இருந்தது, அது ஜிப்சம். எது எது எந்தப் பெட்டியில் வந்தது என்று நாம் ஒருநாளாவது யோசித்திருப்போமா? நம் சேலைத் தலைப்பில் படிந்ததில் பாதி இந்தக் கல்தான்.

ஒரு வேண்டுகோள். சீலிங்கை வெட்டும்போது பூஞ்சணம் இல்லாத ஓரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து வை. காகிதத்தை உரித்து, பொடித்து, ஓவனில் 150 டிகிரியில் வாட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பாடத்தில் சொன்னதுபோல உறைகிறதா என்று பார்க்கலாம். நீ வரும்போது கொண்டு வா. ஆனால் என் கட்டைப் பிரித்த பிறகு வா, ஒற்றைக் கையால் உரலில் இடிக்க என்னால் ஆகாது.

அன்புடன்,
மல்லிகா