விலைக்குப் போனது ஊர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஒரு ஊரையே விலைக்கு வாங்கிய மனிதர்’ என்ற ரகத் தலைப்புகள் அமெரிக்காவைப் பற்றி நம் நாளிதழ்களில் அடிக்கடி தென்படுகின்றன. தலைவர் பதவியும் வரி வசூலும்கூடச் சேர்ந்து கைமாறிவிட்டதோ என்று படிப்பவருக்குத் தோன்றும். பத்திரத்தில் கைமாறுவது மனையும் கட்டடமும் மட்டுமே.

கலிபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்தில், பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் உள்ள ஆம்பாய் என்ற சிற்றூரைப் பாருங்கள். ஆல்பர்ட் ஒகுரா என்ற உணவகத் தொழிலதிபர் 2005-இல் அதை 4,25,000 டாலருக்கு வாங்கினார். பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, விடுதி அறைகள், தேவாலயம், தபால் நிலையக் கட்டடம் எல்லாம் அதில் அடக்கம். உள்ளாட்சி மட்டும் இல்லை. அப்படி ஒன்று அங்கே இருந்ததே கிடையாது. நம் குக்கிராமம் ஏதாவது ஓர் ஊராட்சிக்குள் வந்துவிடும். ஆம்பாயோ நேராக சான் பெர்னார்டினோ கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) கீழ் வருகிறது. போலீஸ், சாலை, கட்டட அனுமதி, சொத்துவரி மதிப்பீடு எல்லாமே கவுண்டியின் பொறுப்பு. நகராட்சி கேட்டு மனுப் போடவே அந்த மாநிலச் சட்டப்படி குறைந்தது 500 வாக்காளர்கள் அங்கே குடியிருக்க வேண்டும். அத்தனை பேருக்கு ஆம்பாய் எங்கே போகும்?

உரிமையாளர் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது மழை பெய்தால் தெரியும். அந்த 66-ஆம் எண் சாலை கடக்கும் காட்டாற்றுத் தடங்களின் மேல் 1930 வாக்கில் கட்டிய சிறு மரப்பாலங்கள் வரிசையாக நிற்கின்றன. திடீர் வெள்ளத்தை மண்கரைகள் பாலத்தடிக்குத் திருப்பிவிட வேண்டும். கரை உடைந்தால் தண்ணீர் பாலத்தின் ஓரத்து மண்ணை அரித்துவிடும். மரம் கெட்டியாக இருந்தும் பாலம் உதவாது. 2014 வெள்ளத்தில் பல பாலங்கள் சிதைந்தன. பழுதுபார்க்க வேண்டியது கவுண்டி. ஊரை ‘வாங்கியவர்’ அந்தச் சாலையில் தம் இஷ்டத்துக்கு ஒரு பலகையைக்கூட மாற்ற முடியாது.

சாலைதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1883-இல் ரயில்வேக்காரர்கள் பாலைவன நிலையங்களுக்கு அகர வரிசையில் பெயர் வைத்தபோது முதல் எழுத்து ஆம்பாய்க்குக் கிடைத்தது. 1938-இல் ராய் க்ரோல் பெட்ரோல் பங்க் திறந்தார். 1959-இல் எழுந்த 50 அடி உயர ‘ராய்ஸ்’ பலகையைப் பல மைல் தூரத்திலேயே பார்க்கலாம். 1973-இல் 40-ஆம் எண் புதிய நெடுஞ்சாலை வடக்கே மலைக்கு அப்பால் திறந்ததும் வண்டிகள் நின்றுபோயின. (அந்தப் பாதைக்காக 22 அணுகுண்டுகளை வைத்து மலையைப் பிளக்கலாம் என்று 1963-இல் அரசுத் துறையினரே திட்டம் போட்டார்கள் என்பது வேடிக்கையல்ல, உண்மை. நல்லவேளை, கைவிட்டுவிட்டார்கள்.)

இன்னொரு சிக்கல் தண்ணீர். பக்கத்திலேயே பிரிஸ்டல் உப்பு ஏரிப் படுகை. தோண்டினால் உவர்நீர்தான் வரும். குடிநீர் ஒரு காலத்தில் ரயிலில் வந்தது. 2008-இல் பெட்ரோல் பங்க் மறுபடி திறந்தது, 2019-இல் அந்தப் பலகையின் விளக்கும் மறுபடி எரிந்தது. ஆனால் சாப்பாட்டுக் கடையையும் விடுதியையும் நடத்த நல்ல தண்ணீர் வேண்டும். கிரயப் பத்திரத்தில் அது வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி